பாலத்தின் மேல் நிற்கும் ஆட்டுக்குட்டி

உன் புத்தகங்களைப் பூட்டிவிட்டார்கள். பூட்டியது உன் மகன். செய்தது தவறு. அதை அவன் முகத்துக்கு நேராகச் சொன்னேன், படிப்பகக் கமிட்டிக்காரர்களிடம் சொன்னேன். கேட்க வேண்டியவர்கள் யாரும் கேட்டபாடில்லை. எனவே இப்போது உன்னிடம் சொல்கிறேன்.

இன்று காலை சாயாக் கடையில் நிற்கும்போது ஒட்டுப்பால் ஏற்றிய வண்டி ஒன்று வந்து நின்றது. மரத்தில் காய்ந்து ஒட்டிய ரப்பர் பாலை மூட்டை மூட்டையாகக் கட்டி அடுக்கியிருந்தார்கள். உனக்குத்தான் தெரியுமே அந்த நாற்றம். கடையில் நின்றவர்கள் எல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஒதுங்கினார்கள். நான் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அவர்களுக்கு அது ரப்பரின் நாற்றம். எனக்கு அது புத்தகத்தின் மணம்.

தோட்டத்தில் பால் வெட்டிவிட்டு வரும்போது ஒரு சின்னக் குப்பியில் கொஞ்சம் பாலைத் தனியே எடுத்து வருவாய். பிள்ளைகள் கிழித்த பக்கங்களை அந்தப் பாலைத் தொட்டு விரலாலேயே ஒட்டுவாய். காய்ந்ததும் ஒட்டிய இடம் மஞ்சளாகும், பிறகு தவிட்டு நிறமாகும். நம் படிப்பகத்தில் பிள்ளைகளின் புத்தகம் ஒவ்வொன்றும் லேசாகப் புளித்த வாடை அடிக்கும். எந்தப் பிள்ளையும் அதற்காக முகம் சுளித்ததில்லை. ஒன்றிரண்டு நக்கியும் பார்த்திருக்கின்றன.

இப்போது அந்தப் புத்தகங்கள் கண்ணாடிக்குள் நிற்கின்றன. அலுமினியச் சட்டம் போட்ட புது அலமாரி. மேலே உன் படம், அதைச் சுற்றி மினுக்கி மினுக்கி எரிகிற மாலை. படத்தில் நெற்றி நிறைய நாமம் போட்டு, தலைப்பாகை கட்டி, நீ யாரையோ முறைத்துக்கொண்டிருக்கிறாய். கீழே உன் பெயரையும் ‘நினைவு நூலகம்’ என்பதையும் தங்க நிறத்தில் எழுதியிருக்கிறார்கள். அதற்கும் கீழே, ‘தொடக் கூடாது.’ திறப்பு விழாவன்று ஜெனி, நம் சுபாவின் மகள், கண்ணாடியில் மூக்கை அழுத்தி உள்ளே பார்த்தாள். கண்ணாடியில் வட்டமாக மூச்சு படிந்தது. கமிட்டியில் ஒருவர் துண்டை எடுத்து உடனே துடைத்தார்.

துடைத்ததைக்கூட மன்னிப்பேன். தரையில் டைல்ஸ் போட்டது நல்லது, கூரை ஒழுகாமல் செய்தது நல்லது. நானும் கொத்தனாராக இருந்தவன், வேலையின் அருமை தெரியும். ஆனால் பிள்ளைகள் கையில் கிடந்த புத்தகத்தைப் பிள்ளைகள் கண்ணுக்கு மட்டும் ஆக்கியதை மன்னிக்க மாட்டேன்.

நம் வாசிப்பு தொடங்கியதே உன் பழக்கதோஷத்தால்தான். அய்யாவழிக்காரர்கள் கூடி வழிபடும் தாங்கலில் அகிலத்திரட்டு ஏடு வாசிப்பவன் நீ. அங்கே ஒருவர் தலைப்பாகை கட்டிக்கொண்டு ராகமாக வாசிப்பார், ஒரு வரி முடிந்ததும் நிறுத்துவார், அருகில் இருப்பவர் அந்த வரிக்கு விளக்கம் சொல்வார், பிறகுதான் அடுத்த வரி. நான் வேதக்காரன். கிறிஸ்தவ சபைக்குப் போகிறவன். ஆனாலும் ஏடு வாசிப்பு நடக்கும் நாட்களில் சாலையோரம் நின்று உன் குரலைக் கேட்டிருக்கிறேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை.

அங்கன்வாடிக் கட்டடம் ஒழுகுகிறது என்று பிள்ளைகளைப் படிப்பகத்தில் கொண்டுவந்து உட்கார வைத்திருந்த நாட்கள் அவை. டீச்சர் எல்லோரையும் வாயில் விரல் வைத்து வரிசையாக இருத்தியிருந்தாள். நீ ரப்பர் ஷீட் அடித்து முடித்துக் குளித்துவிட்டு வந்தாய். நான் ஜன்னலோரம் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தேன். மேசையில் கிடந்த ஒரு படப் புத்தகத்தை எடுத்தாய். யானைக் கதை. தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் கட்டினாய், வாசிக்கப் போகிறாய் அல்லவா. முதல் வரியை ஏட்டு ராகத்தில் இழுத்து வாசித்தாய். நிறுத்தினாய். விளக்கத்துக்காகக் காத்திருந்தாய். அப்போதுதான் பக்கத்தில் விளக்கக்காரர் இல்லை என்பது உனக்கு உறைத்தது. என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

“வெளக்கம் சொல்லு மக்கா.”

“நான் வேதக்காரன்லா. உனக்க ஏட்டுக்கு நான் எப்பிடி வெளக்கம் சொல்லுவேன்?”

“ஆனைக் கதைக்கு என்னடே வேதம்? ஆனை என்ன உனக்க சபையில சேந்திருக்கா, எனக்க தாங்கல்ல சேந்திருக்கா?”

டீச்சர் சிரித்தாள். டீச்சர் சிரித்ததும் பிள்ளைகள் வாயிலிருந்த விரலை எடுத்துவிட்டுச் சிரித்தார்கள். நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்று உட்கார்ந்தவன்தான். நீ வாசித்தாய், நான் விளக்கம் சொன்னேன். அங்கன்வாடிக் கட்டடத்தைச் சரிசெய்த பிறகும் மாலை நேரத்தில் பிள்ளைகள் நம்மைத் தேடி வந்தார்கள்.

ஆரம்பத்தில் என் விளக்கத்தை நீ படுத்திய பாடு கொஞ்சமா? யானை ஏன் குளத்தைக் கலக்கியது, அதனால் மீன்களுக்கு என்ன துன்பம், ஆகவே நாம் பிறருக்குத் துன்பம் செய்யலாமா என்று நான் முறையாகச் சொல்லிக்கொண்டு போவேன். நீ தொண்டையைச் செருமுவாய்.

“நீ பிரசங்கம் வைக்காதே மக்கா. காணிக்கைப் பை வரும்னு பயந்து பிள்ளிய எழும்பிப் போவுது, பாரு.”

அதில் தவறு ஒன்றும் இல்லை என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். பிள்ளைகளுக்கு நல்லது கெட்டது சொன்னால் குறைந்துபோய்விட மாட்டார்கள். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நீ நிறுத்திய இடத்தில் நான் கேள்வி கேட்டால் பிள்ளைகள் அருகே நகர்ந்து வந்தார்கள். புத்தி சொன்னால் பின்னால் நகர்ந்தார்கள். கண்ணால் பார்த்ததை நான் மறுப்பவன் இல்லை.

புத்தகத்தில் ‘ஆடு பாய்ந்தது’ என்று இருக்கும். நீ அதை அப்படியே ராகமாக வாசிப்பாய். பிள்ளைகள் முழிப்பார்கள். நம் வீடுகளில் எந்த ஆடு பாய்கிறது? நான் கேட்பேன், “பாய்ஞ்சுதுன்னா என்னது மக்ளே?” மறுபடி கேட்பேன், “நம்ம ஆடு வேலியில என்ன செய்யும்?” எல்லா வாயும் ஒன்றாகத் திறக்கும். “சாடும்!” மறுநாள் அதே பக்கம் வரும்போது, நீ ‘பாய்ந்தது’ என்று இழுக்கும் முன்பே ஜெனி ‘பாய்ந்தது’ என்பாள், அருகில் இருப்பவனிடம் திரும்பி “சாடிச்சு” என்று எனக்குப் பதிலாக அவளே விளக்கமும் சொல்வாள். புத்தகத்தில் பேசும் பேச்சு ஒன்று, வீட்டில் பேசும் பேச்சு ஒன்று என்பதும், இரண்டும் தன்னுடையதுதான் என்பதும் அந்த வயதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு அது தெரியும்போது மீசை முளைத்திருந்தது.

நான் எழுத்து படித்த கதையை நீ மட்டும்தான் முழுதாகக் கேட்டிருக்கிறாய். பள்ளிக்கூடத்துக்கு என்னை யாரும் அனுப்பவில்லை. எங்கள் சபைக் கோயிலில் பாட்டுப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பேன். பாட்டு முழுதும் மனப்பாடம், எழுத்து ஒன்றும் தெரியாது. வாய் பாடப் பாட, விரலை எழுத்தின் மேல் நகர்த்துவேன். பாட்டு முடியும் இடத்தில் எழுத்தும் முடிய வேண்டும் அல்லவா. முடியாவிட்டால் எங்கோ தப்பு. அடுத்த ஞாயிறு மறுபடி. அப்படித்தான் ஒவ்வொரு எழுத்தாக என்னிடம் பிடிபட்டது. யாருக்கும் நான் கடன்பட்டவனில்லை.

இதை முழுதும் கேட்டாய். பிறகு சொன்னாய்: “அப்பம் கதை முதல்ல மனசுல கெடக்கணும். எழுத்து பைய வந்து அதுல ஒட்டிக்கிடும்.” அன்றிலிருந்து ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்க நீ சலித்ததே இல்லை. “நேத்து வாசிச்சதத்தானே இன்னைக்கும் வாசிக்குதீரு” என்று டீச்சர் கேட்டாள். “நேத்து தின்ன சோறத்தான் நீயும் இன்னைக்கு திங்குதே” என்றாய்.

பக்கம் புரட்டுவது பிள்ளைகளின் வேலை. அதில் நீ விட்டுக்கொடுக்கவே மாட்டாய். யார் மடிக்கு அருகில் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்கள் புரட்ட வேண்டும். எச்சில் தொட்டுப் புரட்டுவார்கள், இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டுவார்கள், சண்டையில் கிழிப்பார்கள். நான் பதறுவேன். நீ குப்பியை எடுப்பாய். பக்கத்தைப் பிள்ளையே புரட்டினால்தான் கதையை நகர்த்துவது தான் என்று அதற்குத் தோன்றும் என்பாய். கண்ணாடிக்குள் இருக்கும் புத்தகத்தை எந்தப் பிள்ளை நகர்த்தும், சொல்.

நான் சொல்ல வந்தது ஆட்டுக்குட்டிப் புத்தகத்தைப் பற்றி. வளைகுடாவிலிருந்து யார் லீவில் வந்தாலும் நீ சோப்பும் தைலமும் வாங்க மாட்டாய். “பிள்ளியளுக்குப் படம் போட்ட புக் ஒண்ணு கொண்டு வா” என்பாய். அப்படி ஒருவன் திருவனந்தபுரத்தில் இறங்கிய அவசரத்தில் வாங்கி வந்த மலையாளப் புத்தகம் அது. நம் கைக்கு வந்து கொஞ்ச நாளிலேயே அட்டை போய்விட்டது. அதன் பெயர் என்னவென்று இன்று கேட்டால் யாருக்கும் தெரியாது. உனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியும். எனக்குத் தெரியாது. நீ வெள்ளைத் தாளைப் பட்டை பட்டையாக வெட்டி, ஒவ்வொரு படத்துக்கும் கீழே தமிழில் எழுதி, ரப்பர் பாலால் ஒட்டினாய். முழுப் புத்தகத்துக்கும் ஒரேயடியாக ஒட்டவில்லை. அன்றன்று வாசிக்கப்போகும் பக்கங்களுக்கு மட்டும் அன்று மதியம் உட்கார்ந்து எழுதுவாய். அடுத்து என்ன என்று நான் கேட்டால் சொல்ல மாட்டாய், புரட்டிப் பார்க்கவும் விட மாட்டாய்.

“முன்னாலயே தெரிஞ்சா உனக்க வெளக்கம் செத்துப்போவும். பிள்ளியகூட சேந்து நீயும் முழிக்கணும்.”

ஒரு ஆட்டுக்குட்டி தாயைத் தேடி பஸ்ஸில் ஏறிவிட்டது. அதுதான் கதை. சீட்டுக்கு அடியில் ஒளிந்திருந்தது. ஒரு அம்மையின் கூடையிலிருந்து கீரையைத் தின்றது. பிள்ளைகளுக்கு அது மார்த்தாண்டம் போகிற பஸ்தான், அந்த அம்மை சந்தைக்குப் போகிறவள்தான். கண்டக்டர் கண்டுபிடித்துவிட்டார். விசில் ஊதினார். பஸ் ஆற்றுப் பாலத்தின் நடுவில் நின்றது. கதவு திறந்தது. ஆட்டுக்குட்டி இறங்கியது. முன்னால் பார்த்தது, பின்னால் பார்த்தது.

அங்கே நிறுத்தினாய். நான் கேட்டேன், “இப்பம் அது எங்கோட்டு போவும் மக்ளே?” தண்ணீரில் சாடும் என்றது ஒன்று. பஸ் பின்னாலேயே ஓடும் என்றது இன்னொன்று. ஜெனி மட்டும், “அம்மைக்க சத்தம் கேக்கட்டும், அது வரைக்கும் அங்கேயே நிக்கும், அனங்காது” என்றாள். நீ அவளை ஆச்சரியமாகப் பார்த்தாய். துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டாய். “மீதி நாளைக்கு” என்றாய்.

மறுநாள் காலையில் நீ தோட்டத்தில் விழுந்தாய். முதல் வரிசை மரங்களில் பட்டை சீவியிருந்தது, சிரட்டைகளில் பால் வழிந்துகொண்டிருந்தது, அடுத்த மரத்தடியில் நீ கிடந்தாய். உன்னைத் தூக்கி வந்தவர்களில் நானும் ஒருவன். உன் சட்டைப் பையில் அந்தக் குப்பி இருந்தது. உன் அடக்கத்துக்கு உன் மகன் வந்து சேரவில்லை. மஸ்கட்டிலிருந்து புறப்பட்டவனுக்கு விமானம் தாமதம். அவன் வந்தபோது மண் மூடியாகிவிட்டது. அந்தப் பிள்ளை மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றதை நான் மறக்கவில்லை. மறக்காமல்தான் அவனோடு சண்டை போடுகிறேன்.

சில நாள் கழித்துப் பிள்ளைகள் படிப்பகத்துக்கு வந்தார்கள். துண்டு கட்டிக்கொண்டு உட்கார உன் இடத்தில் ஆள் இல்லை. அந்த வாரமே கூரை வேலைக்காகப் படிப்பகத்தைப் பூட்டி, புத்தகங்களையெல்லாம் மூட்டை கட்டி உன் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். பிள்ளைகள் என்னை வழியில் கண்டால் விட மாட்டார்கள்.

“தாத்தா, ஆட்டுக்குட்டி பொறவு எங்க போச்சு?”

எனக்குத் தெரிந்தால்தானே சொல்வேன். ஒருநாள் பொறுக்க முடியாமல், அது நடந்து நடந்து வீட்டுக்கு வந்து சேர்ந்தது, தாயிடம் பால் குடித்தது என்று சொன்னேன். அழகாகத்தான் சொன்னேன். ஜெனி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“அது வெளக்கம். வாசிக்கது எங்க?”

அவள் கேட்டது நியாயம். நீ வாசிக்காத வரிக்கு நான் எப்படி விளக்கம் சொல்வது? எத்தனையோ நாள் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேனே, உன் குரல் நிற்கும் இடத்தில்தான் என் குரல் தொடங்கியது என்பது அப்போதுதான் புரிந்தது. இப்போதும் படிப்பகத்தின் பக்கம் போனால் வலது காது தானாக உன் இடத்தை நோக்கித் திரும்புகிறது. இடது காது மந்தம் என்று நீதானே என்னை எப்போதும் உன் இடப்பக்கம் உட்கார வைப்பாய்.

கூரை வேலை முடிந்தது. உன் மகன் மஸ்கட்டை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டான். அலமாரி அவன் உபயம். சாவி அவனிடம். பிள்ளைகள் உட்கார்ந்த மூலையில் பெரிய டி.வி. ஒன்றும் மாட்டியிருக்கிறார்கள். கமிட்டித் தலைவரிடம் போய்க் கேட்டேன்.

“அந்தப் பழைய புக் எல்லாம் நாறுது அண்ணாச்சி. டி.வி.யில நல்ல கதை எல்லாம் வருது. இங்கிலீஷ்லயும் வருது. பிள்ளிய அனங்காம இருந்து பாக்குவு.”

“அனங்காம இருக்கதுக்குப் பிள்ளை எதுக்கு, பொம்மை போதுமே. உனக்க டி.வி. ஒரு பிள்ளைக்காவ நிக்குமா? ‘இப்பம் எங்கோட்டு போவும்’னு கேட்டுட்டு பதில் வார வரைக்கும் காத்துக் கெடக்குமா?”

“உமக்கு எதுல தான் குத்தம் இல்ல?”

“குத்தம் இல்லாததுல இல்ல.”

அவர் எழுந்து போய்விட்டார். போகட்டும்.

வரும் மாதம் பள்ளி திறந்தால் ஜெனியும் அவள் கூட்டமும் ஒன்றாம் வகுப்புக்குப் போய்விடுவார்கள். ஒருத்தி டவுன் பள்ளிக்கு வேனில் போகிறாள், இன்னொருவன் அம்மாவோடு இரணியலுக்குப் போகிறான். மறுபடி அந்தக் கூட்டம் ஒன்றாக உட்காரப் போவதில்லை. அதற்குள் ஆட்டுக்குட்டி பாலத்தை விட்டு நகர வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து நேரே படிப்பகத்துக்குப் போனேன். உன் மகன் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஆட்டுக்குட்டிப் புத்தகத்தை மட்டும் தா என்று கேட்டேன். பிள்ளைகளையும் வரச் சொல்லியிருந்தேன். அவன் அவர்களைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கொஞ்சம் இளகியது போலிருந்தது.

“செரி மாமா. அந்த ஒரு புக்க மட்டும் எடுக்கேன். ஆனா நீங்க மட்டும்தான் தொடணும். பிள்ளிய அங்கே தள்ளி இருக்கட்டு.”

“பக்கம் யாரு புரட்டுவா?”

“நீங்கதான்.”

“அது உனக்க அப்பன் வெச்ச முறை இல்ல.”

வாசலில் நின்ற சுபாவுக்குப் பொறுக்கவில்லை. “மாமா, உங்க வீம்ப ஒரு நாளைக்கு மாத்தி வையும். கதை முடியட்டு. பிள்ளிய எத்தர நாளா காத்துக் கெடக்குவு.” பிள்ளைகள் முகத்தைப் பார்த்து நான் தாழ்ந்தேன். அன்றைக்கு மட்டும். உட்கார்ந்து புத்தகத்தை வாங்கி மடியில் வைத்தேன். புளித்த வாடை வந்தது. பாலத்துப் பக்கத்தை எடுத்தேன். உன் கையெழுத்தில், ‘முன்னால் பார்த்தது. பின்னால் பார்த்தது.’ புரட்டினேன். அடுத்த பக்கத்தில் படம் இருந்தது, கீழே மலையாளம் இருந்தது. பட்டை இல்லை. அதற்கடுத்த பக்கத்திலும் இல்லை. உன் கையெழுத்து பாலத்தின் மேலேயே நின்றுவிட்டது.

உன் மகனும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உதடு அசைந்தது. அவன் மஸ்கட்டில் இத்தனை வருடம் மலையாளிகளோடு ஒரே அறையில் கிடந்தவன், அவனுக்கு அந்த எழுத்து தெரியும். நான் புத்தகத்தை அவனிடம் நீட்டினேன்.

“நீ வாசி. நான் வெளக்கம் சொல்லுகேன்.”

அவன் புத்தகத்தை வாங்கினான். வாசிக்கப் போகிறான் என்றே நினைத்தேன். மூடினான்.

“எனக்கு அப்பா ஒரு நாள் வாசிச்சது கெடையாது மாமா. ஊருப் பிள்ளியளுக்கெல்லாம் வாசிச்சாரு. எனக்கு இல்ல. அடக்கத்துக்கு வந்து மொகம் பாக்கவும் குடுத்து வைக்கல. எனக்குன்னு கெடைச்சது இந்தக் கையெழுத்து மட்டுந்தான். இதையும் இவங்க கிழிச்சுப் போடணுமா?”

“இந்தப் பிள்ளிய உனக்கு என்ன குத்தம் செஞ்சுது?”

அவன் புத்தகத்தை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போனான். பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஜெனி கடைசியாக எழுந்தாள்.

அவனுக்குச் சொல்ல என்னிடம் ஒரு பதில் இருந்தது. சொல்லவில்லை. கோபத்தில் சொன்னால் அது அவன் வாயை அடைக்கச் சொன்னதாகப் போய்விடும். அது அப்படிச் சொல்லத்தக்கது அல்ல.

அவன் வலி எனக்குப் புரிகிறது. புரிந்தாலும் பூட்டியது தவறுதான். இரண்டும் உண்மை, ஒன்றுக்காக ஒன்றை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆகவே செய்ய வேண்டியதை எழுதி வைக்கிறேன். யார் செய்ய வேண்டும் என்பதையும்.

அலமாரியின் கண்ணாடிக் கதவைக் கமிட்டி கழற்ற வேண்டும். கழற்ற ஆள் கிடைக்கவில்லை என்றால் என் வீட்டில் கொத்தனார் ஆயுதங்கள் இருக்கின்றன. கீழ்த்தட்டு பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். உன் படம் இருக்கட்டும், மினுக்கு மாலையைக் கழற்ற வேண்டும், அதன் வெளிச்சத்தில் பக்கம் தெரியாது. டி.வி.யைப் பெரியவர்கள் கிரிக்கெட் பார்க்கிற பக்கமாகத் தலைவர் மாற்ற வேண்டும்.

பிள்ளைகளை வாயில் விரல் வைத்து உட்காரச் சொல்வதை அங்கன்வாடி டீச்சர் நிறுத்த வேண்டும். விரல் எழுத்தின் மேல் இருக்க வேண்டியது. ‘எனக்கு வாசிக்க வராது’ என்று வாசலில் நிற்கும் சுபாவும் மற்ற தாய்மாரும் உள்ளே வந்து உட்கார வேண்டும். படத்தைப் பார்த்து அவர்கள் வாய்க்கு வருகிற பேச்சில் பேசினாலே விளக்கம் ஆயிற்று, அதற்குப் பட்டம் எதுவும் வேண்டாம். வெளிநாட்டில் இருக்கிற தகப்பன்மார், போனில் ‘சாப்பிட்டியா, உறங்கினியா’ என்று கேட்டு முடித்துவிடாமல், ஒரு பக்கமாவது பிள்ளைக்கு வாசித்துக் கேட்பிக்க வேண்டும். எங்கள் போதகரும் உங்கள் தாங்கல் பெரியவர்களும், அந்தக் கூட்டத்துப் பிள்ளை இந்தக் கூட்டத்துப் பிள்ளை என்று பார்க்காமல் எல்லோரையும் அனுப்பச் சொல்ல வேண்டும். ஆட்டுக்குட்டி யார் சபையிலும் சேரவில்லை.

மீதிப் பக்கங்களுக்குத் தமிழில் பட்டை எழுத வேண்டியவன் உன் மகன். உன் கையெழுத்துக்குக் கீழே அவன் கையெழுத்து வர வேண்டும். ஒட்டுவதற்குப் பால் அவனே தோட்டத்துக்குப் போய் எடுத்து வர வேண்டும், கடையில் விற்கிற பசையை நான் சேர்க்க மாட்டேன். வாசிக்க வேண்டியவனும் அவன்தான். ராகம் வராவிட்டால் பரவாயில்லை, நிறுத்தத் தெரிந்தால் போதும். பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் சொல்ல வேண்டியவன் நான். சாகும்வரை சொல்வேன், பிரசங்கத்தையும் சேர்த்துத்தான் சொல்வேன்.

இதெல்லாம் நடக்கும் முன் நடக்க வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது, அதுவும் என்னுடையதுதான். உன் மகன் ஊர் திரும்பும் முன்பு, நீ இருக்கும்போது, ஒரு மழைநாள் புகைப்புரையில் ரப்பர் ஷீட்டைக் கம்பில் காயப் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாய்:

“எனக்க மவனுக்கு நான் ஒரு வரி வாசிச்சதில்ல மக்கா. அவன் எழும்பும் முன்ன நான் தோட்டத்துல. நான் வரச்ச அவன் பள்ளிக்கூடத்துல. சாயங்காலம் புக்க எடுத்துட்டு வந்து மடியில இருப்பான், நான் இருந்த இருப்புல உறங்கிருவேன். அவன் என்ன எழுப்ப மாட்டான். தனியா படம் பாத்துட்டு இருப்பான். இப்பம் ஒவ்வொரு பக்கமும் நான் அவனுக்குத்தான் வாசிக்கேன். கேக்கதுதான் வேற பிள்ளிய.”

நீ அதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. நாளைக் காலை அவன் வீட்டுக்குப் போய், கதவைத் தட்டி, அவனை உட்கார வைத்து, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், என் விளக்கம் எதுவும் சேர்க்காமல், இதை நான் அவனுக்குச் சொல்ல வேண்டும்.